ராஜ்மா சூப்: ஸ்லோ குக்கரில் இடுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

பயறும் காய்கறியும் சேர்ந்த கெட்டியான சூப், நோயுற்றவருக்கும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஒரே இரவு உணவாகப் பரிமாறத்தக்கது. காலையில் பொருள்களை இட்டு மூடினால் மாலையில் ஆயத்தமாகிவிடும் என்பதால், ‘ஸ்லோ குக்கர்’ எனப்படும் மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தைப் பராமரிப்பாளர்கள் சிலர் விரும்புகின்றனர். சூப்பில் சிவப்பு ராஜ்மா சேர்ப்பதாயின், அதனை முதலில் அடுப்பில் நன்கு கொதிக்கவைத்த பின்னரே அப்பாத்திரத்தில் இட வேண்டும்.

பச்சை ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்னும் நச்சுப் புரதம் இயற்கையாகவே மிகுதியாக உள்ளது. வேகாத நான்கைந்து மணிகளே ஒருவரை நோயுறச் செய்யப் போதுமானவை. நீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும்போது இந்நச்சு அழிகிறது. ஸ்லோ குக்கரின் உள்வெப்பமோ பல வேளைகளில் 80 டிகிரியைக்கூட எட்டுவதில்லை. அவ்வெப்பத்தில் மணி மென்மையாகிவிடும். நச்சு எஞ்சி நிற்கும். அதன் வீரியம் பச்சை மணியில் உள்ளதைவிடக் கூடவும் கூடும். ஆகவே விரலால் நசுக்கிப் பார்த்து வெந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள்.

நஞ்சு ஏறியிருப்பின், உண்ட 1 முதல் 3 மணி நேரத்திற்குள் கடுமையான குமட்டலும் வாந்தியும், அதனைத் தொடர்ந்து வயிற்றுப்போக்கும் தோன்றும். பெரும்பாலோர் சில மணி நேரத்தில் தேறிவிடுவர். முதியோர், குழந்தைகள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு நீரிழப்பு விரைவில் ஏற்படலாம். ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தி நிற்காவிடினும், சிறுநீர் குறைந்தாலும், சோர்ந்து மயங்கினாலும் தாமதிக்காமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்.

செய்முறை

நால்வருக்கு 100 கிராம் ராஜ்மா போதும். முந்தைய இரவே ஊறவையுங்கள். 5 மணி நேரத்திற்குக் குறையக் கூடாது. ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் ஊற்றி, கொதி வந்தபின் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவையுங்கள். அந்நீரையும் வடித்துவிடுங்கள். பிரஷர் குக்கரில் முழுமையாக வேகவைத்தாலும் நச்சு அழிந்துவிடும். உண்மையில், பிரஷர் குக்கர் உள்ள வீட்டில் இதற்கென வேறொரு பாத்திரம் வாங்கத் தேவையில்லை.

உருளைக்கிழங்கு ஒன்று, கேரட் இரண்டு ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக்கி அடியில் பரப்புங்கள். கிழங்கு வகைகள் மெதுவாகவே வேகும். மேலே கொதிக்கவைத்த ராஜ்மா, வெங்காயம், பூண்டு, இரண்டு மேசைக்கரண்டி பார்லி ஆகியவற்றை இட்டு ஒன்றேகால் லிட்டர் வெந்நீர் ஊற்றுங்கள். பாத்திரம் பாதிக்குக் குறையாமலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாமலும் இருக்கட்டும். குறைந்த வெப்பத்தில் ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும். அடிக்கடி மூடியைத் திறந்தால் வெப்பம் இறங்கி நேரம் நீளும். தக்காளியைக் கடைசி ஒரு மணி நேரத்தில் சேருங்கள். அதன் புளிப்பு, பயறு மென்மையாவதைத் தடுக்கும். மிளகும் சீரகமும் இறக்கும்போது போதும். கோழி இறைச்சி சேர்ப்பவர்கள், உறைந்த நிலையில் இடாமல், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறைநிலை நீங்கிய பின்னரே இட வேண்டும்.

யாருக்கு மாற்றம் தேவை

இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கடைச் சூப் கட்டிகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் உப்பு மிகுதி. ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்பே உகந்தது. சிறுநீரக நோயாளிகளுக்கு இந்தச் சூப்பை மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம். ராஜ்மா, உருளைக்கிழங்கு, தக்காளி மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். அதில் பெரும்பகுதி சூப்பின் நீரிலேயே தங்கிவிடும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என விற்கப்படுவதிலும் பெரும்பாலும் பொட்டாசியம் உண்டு. நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் சூப்பையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு மசித்து, மருத்துவர் கூறிய கெட்டித்தன்மையில் கொடுங்கள்.

மின்தடையும் மீந்த சூப்பும்

சமைக்கும்போது மின்சாரம் நின்றால், வீட்டில் இருப்பவர்கள் உடனே அடுப்பிற்கு மாற்றி வேகவைத்து முடிக்கலாம். வெளியே சென்று திரும்புகையில் எவ்வளவு நேரம் மின்சாரம் நின்றிருந்தது எனத் தெரியாவிடில், பார்வைக்கு வெந்ததுபோல் இருந்தாலும் அதனைக் கொட்டிவிடுங்கள். மீந்த சூப்பை அகலமான ஆழமற்ற பாத்திரங்களில் ஊற்றி 2 மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் ஸ்லோ குக்கரில் சூடாக்காமல் அடுப்பில் கொதிக்கவைத்துப் பரிமாறுங்கள்.