கோலமும் கணக்கும்: தாம்பரத்திலிருந்து சிறுசேரி வரை

போன வாரம் சேலையூர்ல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டில் ஒரே ரகளை. ப்ளஸ் டூ படிக்கிற அக்கா பொண்ணு, "மேத்ஸ்தான் படிப்பேன்"னு ஒத்தைக்கால்ல நிக்கிறா. மாமா முகத்தில் ஈயாடலை. "எஞ்சினியரிங் கிடைக்காதவங்க படிக்கிறதாச்சே அது?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் 90களில் நான் எஞ்சினியரிங் பக்கம் ஓடினேன். அதனால பஞ்சாயத்து பண்ற யோக்கியதை எனக்குக் கிடையாது. ஒரு கதை மட்டும் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிடறேன்.

கதை நடந்தது அவங்க வீட்டுப் பக்கத்திலேயே. 1837ல் ஒரு பள்ளிக்கூடமா ஆரம்பிச்சு, 1937ல் தாம்பரத்துக்குக் குடிவந்த சென்னை கிறித்துவக் கல்லூரியில். அங்கே கணிதப் பேராசிரியர் ராணி சிரோமணி. அவர் கணவர் கிஃப்ட் சிரோமணி, புள்ளியியல் பேராசிரியர்.

1950களில் நோம் சாம்ஸ்கி மொழிக்கு ஒரு கணித இலக்கணம் கொடுத்தார். ஒரு குறியை எடு, விதிப்படி அதுக்குப் பதிலா வேற குறிகளைப் போடு, திரும்பத் திரும்பச் செய், வாக்கியம் வளரும். ஆனா எல்லாம் ஒரே வரிசையில்தான் வளரும். நீளம், அகலம் ரெண்டுலயும் வளர்ந்தா? சிரோமணி தம்பதியும் கமலா கிருதிவாசனும் அதுக்கு இலக்கணம் எழுதினாங்க. உதாரணத்துக்கு எடுத்தது என்ன தெரியுமா? நம்ம வாசல் கோலம்! சின்னக் கோலம், கொஞ்சம் விதிகள், அதையே மறுபடி மறுபடி போட்டா பெரிய கோலம். 1974ல் கட்டுரையா வந்தது.

அதே 1974ல் தத்துவம் சொல்லிக்கொடுத்த மைக்கேல் லாக்வுட், தாவரவியல் தயானந்தன் இவங்களோட சேர்ந்து மாமல்லபுரச் சிற்பங்கள் பத்திப் புத்தகம் போட்டார் கிஃப்ட். 1978ல் அச்சுத் தமிழ் எழுத்தைக் கணினி அடையாளம் காணும் ஆராய்ச்சி. எல்லாத்துக்கும் அடியில் கணக்கு.

அடுத்த ஆள் செங்கல்பட்டில் வளர்ந்த சி.எஸ்.சேஷாத்ரி. லயோலாவில் ரசீன் பாதிரியாரிடம் படிச்சு, பம்பாய் டாடா நிலையத்தில் உலகப் பேர் வாங்கியவர். 1989ல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையில் அவர் தொடங்கிய கணிதப் பிரிவுதான் பின்னாடி சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட் ஆச்சு. 1998ல் கணிதமும் கணினி அறிவியலும் சேர்த்து பி.எஸ்சி. ஆனர்ஸ். ஆராய்ச்சி பண்றவங்களே முதல் வருஷப் பசங்களுக்குப் பாடம் எடுப்பாங்க. 2003ல் இயற்பியலும் வந்தது. 2005ல் தி.நகரிலிருந்து சிறுசேரிக்கு ஜாகை மாத்தினாங்க. ராணி சிரோமணியும் அங்கே வருகைதரு பேராசிரியரா இருந்தார்.

ஒரே சிக்கல், பட்டம் தர அதிகாரம் கிடையாது. மத்தியப் பிரதேசத்து போஜ் திறந்தநிலைப் பல்கலையோட சேர்ந்துதான் படிப்பு. நிகர்நிலை அந்தஸ்து வந்தது 2006 டிசம்பரில்தான். நடுவுல அந்த எட்டு வருஷம், ஊர் பேர் தெரியாத படிப்பில் பிள்ளையைச் சேர்த்த அப்பா அம்மாக்களை நினைச்சுப் பாருங்க. சேஷாத்ரியை நம்பித்தானே அனுப்பியிருப்பாங்க?

மாமா ரொம்ப நேரம் பேசலை. கிளம்பும்போது மெதுவா கேட்டார்: "அந்த சிறுசேரிக்கு நுழைவுத்தேர்வு எப்பப்பா?"

டிஸ்கி: மறுநாள் அக்கா வாசல்ல புள்ளி வைக்கும்போது, என்னைக்கும் எட்டு மணிக்கு எழுந்திருக்கிற பொண்ணு பக்கத்துல உக்காந்து எண்ணிக்கிட்டிருந்தாளாம்.