விட்ட இடம் மறவாமை



விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுத வேண்டும் என்றதும், சோழர் காலத்தைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். "சார், நாங்க பாயான் லெப்பாஸ் பேக்டரியிலே மாடா உழைச்சோமே, அதுவும் வரலாறுதானே?" என்று கேட்டார் ஒரு தாயார். நியாயந்தானே!

பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் 1972இல் தொடங்கியது. அதே ஆண்டில் இண்டல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் பொருத்து ஆலையை அங்கே அமைத்தது. பிறகு ஆலைகள் பெருகின. நம் அக்காமார்கள் ஷிப்ட் பஸ் ஏறிப் போய், உருப்பெருக்கியில் கண் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் பொருத்தினார்கள். அந்தச் சில்லுக்குள் நடக்கும் ஓர் அதிசயத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அடுப்பில் சோறு கொதிக்கிறது. பேக்டரி பஸ்ஸும் வரவேண்டும். பஸ் வந்துட்டதா என்று நிமிஷத்துக்கு ஒருதரம் வாசலுக்கு ஓடலாம். அல்லது வேலையைப் பார்த்துக்கொண்டிருந்து, ஹாரன் கேட்டதும் போகலாம். முதல் வழியில் கால் வலிக்கும், சோறும் குழையும். 1950களின் நடுவில் பெரிய கணினிகளை அமைத்தவர்கள் இரண்டாம் வழியைக் கண்டார்கள். அந்த ஹாரனுக்கு 'இண்டரப்ட்' என்று பெயர். நாம் குறுக்கீடு என்போம்.

ஆனால் கூப்பிட்டவுடன் ஓடினால் மட்டும் போதுமா? திரும்பி வந்ததும் எந்த வேலையை எங்கே விட்டோம் என்று தெரிய வேண்டாமா? இதைச் சில்லுகள் படிப்படியாகத்தான் கற்றன.

1971இல் வந்த இண்டல் 4004 சில்லுக்குக் குறுக்கீடே கிடையாது. 1972இல் வந்த 8008க்கு அந்த வசதி இருந்தது. ஆனால் கையிலிருந்த கணக்கைப் பத்திரப்படுத்திவிட்டுப் போவது அதற்குப் பெரும் பாடு. 1974இல் 8080 வந்த பிறகுதான் வழி பிறந்தது. கையிலிருப்பதை நினைவகத்தில் தட்டுமேல் தட்டாக அடுக்கிவிட்டுப் போகும். திரும்பி வந்து, கடைசியாக வைத்ததை முதலில் எடுத்து, விட்ட இடத்திலேயே தொடரும்.

1981இல் ஐபிஎம் தனிக்கணினி வந்தது. அதில் 8259 என்ற சில்லு வாசற்காவலனாக நின்றது. அழைப்பு மணிகள் எட்டு: முதல் மணி கடிகாரத்துக்கு, இரண்டாவது விசைப்பலகைக்கு. கடிகாரம் மட்டுமே வினாடிக்குச் சுமார் 18 முறை தட்டும்!

இயங்குதளத்தின் உள்ளே கெர்னல் என்னும் மையப் பகுதி இருக்கிறது. குறுக்கீடுகளைக் கவனிப்பது அதன் பொறுப்பு. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னலும் அப்படித்தான். குறுக்கீடு வந்தால் அவசரமானதை மட்டும் உடனே முடிக்கும். மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளும். 2013 முதல் அதில் இன்னொரு குறிப்பேடும் உண்டு: சில்லு இப்போது பயனரின் வேலையில் இருக்கிறதா, கெர்னலின் வேலையில் இருக்கிறதா என்று எல்லை தாண்டும்போதெல்லாம் குறித்துவைக்கும். ஒரே வேலைதான் ஓடுகிறது என்றால், கடிகாரத்தின் ஓயாத தட்டலையும் பெரும்பாலும் நிறுத்திவைக்க அது உதவுகிறது.

இது தமிழனுக்குப் புதிதா? நம் அவதானக் கலையைப் பாருங்கள்! ஒருவர் மணி அடிப்பார், ஒருவர் முதுகில் சிறுகல் எறிவார், ஒருவர் கணக்குக் கேட்பார், இன்னொருவர் பாட்டுக் கேட்பார். அவதானியார் எதையும் மறவாமல் ஒவ்வொன்றாக முடித்துத் தருவார். நாகர்கோயில் இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு அவதானங்கள் செய்து 'சதாவதானி' ஆனார்.

பெற்றோர்களே, என் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். நான் மூன்றாம் படிவம் படிக்கையில் அப்பா படுத்த படுக்கையானார். அம்மா வேலைக்குப் போக, நான் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு சில மாதங்கள் வீட்டில் இருந்தேன். என் கணக்கு ஆசிரியர் வீடு தேடி வந்தார். புத்தகத்தில் ஒரு பக்கத்தை மடித்து, "இங்கதான் நிறுத்தியிருக்கோம், தெரியுதா? வந்ததும் இங்கேருந்து போவோம்" என்று தேதி போட்டுக் கொடுத்தார். அந்த மடிப்பு இல்லையென்றால் நான் இன்று உங்கள் பிள்ளைகளின் ஆசிரியர் இல்லை.

நம் வீடுகளில் குறுக்கீடுகள் வரத்தான் செய்யும். நோய் வரும், பணமுடை வரும், வீடு மாற நேரும். பிள்ளை படிப்பை நிறுத்த நேர்வது குற்றமல்ல. எங்கே நிறுத்தினோம் என்பதை மறப்பதுதான் நஷ்டம். அவசரம் முடிந்ததும் அனுப்பிவிடுங்கள். பத்து நாள் லீவு பத்து மாதமாக வேண்டாம். புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல், பக்கத்தை மடித்து வையுங்கள். ஒரு சிறு சில்லுக்கு முடிவது நம் பிள்ளைகளுக்கு முடியாதா?

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!