சுத்தியலும் மிளகுச் சிமிழும்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள சஃபோக் மாவட்டத்துச் சிற்றூர்களுள் ஒன்று ஹாக்ஸன். எழுத்துக் கூட்டிப் படிப்போர் ‘ஹாக்ஸ்னி’ என்று தவறாக ஒலிப்பதுண்டு. 1992ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் இவ்வூர் வயலில் ஒரு தேடல் நிகழ்ந்தது. அன்று பீட்டர் வாட்லிங் என்னும் உழவர், வயலில் தொலைத்துவிட்ட தம் சுத்தியலைத் தேடித் தருமாறு நண்பர் எரிக் லாஸை அழைத்தார். பணி ஓய்வின்போது பரிசாகப் பெற்ற உலோகங்காட்டும் கருவி ஒன்று லாஸிடம் இருந்தது.

அக்கருவியின் இயக்கம் எளியது. அடிமுனையிலுள்ள கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாயுங்கால் அதனைச் சுற்றிக் காந்தப்புலம் எழுகிறது. மண்ணுள் உலோகம் கிடந்தால் அதனுள்ளும் மின்னோட்டம் தூண்டப்பெறும். அம்மாறுதலை உணர்ந்து கருவி ஒலியெழுப்பும். ஒலித்தது மன்னர் காலத்துப் பொன்னா, கலப்பையின் உடைந்த ஆணியா என்பதைத் தோண்டிப் பார்த்தே துணிய வேண்டும்.

லாஸ் தோண்டினார். வெள்ளிக் கரண்டிகள், பொன்னணிகள், காசுகள் என ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. இரண்டு பைகள் நிரம்பின. மண்ணுள் மேலும் இருப்பது தெரிந்த அந்நிலையில் அவர் கையை எடுத்துவிட்டார். நிலத்துக்கு உரிமையுடைய மாவட்ட ஆட்சி மன்றத்துக்கும் காவல் துறைக்கும் செய்தி அனுப்பினார். புதையலைக் கண்டது நற்பேறு. தோண்டுவதை நிறுத்தியதோ அவருடைய பண்பு. வரலாறு கடன்பட்டிருப்பது பின்னதற்கே.

மறுநாளே தொல்லியலார் விரைந்து வந்து ஒரே நாளில் அகழ்ந்து முடித்தனர். பொருள்களைத் தனித்தனியே பறித்தெடுக்காமல், செறிந்து கிடந்தவற்றை மண்கட்டியோடு பெயர்த்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு சென்றனர். அங்கு அக்கட்டிகள் மெல்ல மெல்லப் பிரிக்கப்பட்டன. ஏறத்தாழ 15,000 காசுகள். அவற்றுள் 500க்கும் மேற்பட்டவை பொற்காசுகள். இவற்றொடு பொன்னணிகளும் வெள்ளிக் கலங்களுமாக ஏறத்தாழ 200 பொருள்கள். ஆயினும் அறிஞர்க்கு வியப்பளித்தது இவ்வெண்ணிக்கை மட்டுமன்று. மரம் மட்கிப் போயிருந்தும், கீல்களும் பூட்டுகளும் கிடந்த கிடக்கையைக் கொண்டு, பொருள்கள் ஓக் மரப் பெட்டி ஒன்றனுள் அடுக்கப்பட்டிருந்தன என அறிந்தனர். சில சிறு பேழைகளிலும், சில துணியில் சுற்றியும் வைக்கப்பட்டிருந்தன. பதறி ஓடும் கள்வன் வீசியெறிந்த குவியல் அன்று இது. திரும்பி வந்து எடுப்போம் என நம்பிய ஒரு குடும்பம் பொறுமையோடு அடுக்கி வைத்த வைப்பு. ஒரு கைவளையில் ஜூலியானா என்னும் பெண்ணுக்கு வாழ்த்துப் பொறிக்கப்பட்டிருந்தது. அவள் யார் என்பதைச் சொல்லும் வேறு சான்று இல்லை.

காசுகளுள் மிகப் பிந்தியவை கி.பி. 407–408 காலத்தவை. உரோமப் பேரரசின் பிடி பிரித்தானியாவில் தளர்ந்த காலம் அது. வெள்ளிக் காசுகளின் ஓரங்கள் பெரும்பாலும் நறுக்கப்பட்டிருந்ததும் ஆட்சி நலிந்தமைக்குச் சான்றாகலாம்.

இதே மாவட்டத்து மில்டன்ஹாலில் 1942இல் உழுபடையில் சிக்கிய உரோம வெள்ளிக் கலங்களை இங்கு ஒப்புநோக்கலாம். கலைநயத்தில் அவை ஹாக்ஸன் பொருள்களுக்குக் குறைந்தவையல்ல. ஆனால் 1946 வரை செய்தி வெளிவரவில்லை. மண்ணில் அவை கிடந்த முறையை எவரும் பதியாமையால், அவை உண்மையாகவே அம்மண்ணில் கிடைத்தவைதாமா என்றே அறிஞர் சிலர் நெடுங்காலம் ஐயுற்றனர். அண்டை மாவட்டத்துத் தெட்ஃபோர்டில் 1979இல் உலோகங்காட்டும் கருவியால் கண்ட புதையலோ பல மாதம் மறைக்கப்பட்டது. தொல்லியலார் அறிந்தபோது அவ்விடத்தில் கட்டடம் எழுந்துவிட்டது. பொருள்கள் பிழைத்தன, அவை சொல்லவேண்டிய செய்தியில் பாதி மாய்ந்தது. உலோகங்காட்டும் கருவியினரைத் தொல்லியலார் பலர் அக்காலத்தில் பகைவராகவே கருதியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

ஹாக்ஸன் பொருள்களுள் தமிழர் நின்று நோக்கத் தக்கவை நான்கு வெள்ளிச் சிமிழ்கள். ஒன்று உயர்குடிப் பெண்ணின் மார்பளவு உருவம். மற்றொன்று வலிமை மிக்க ஹெர்குலிஸ் பகைவனைத் தூக்கி நெரிக்கும் காட்சி. எஞ்சிய இரண்டும் விலங்குருவங்கள். இவற்றின் அடியில் சுழலும் தகடு உண்டு. ஒரு நிலையில் பொடியை உள்ளிடலாம். வேறொரு நிலையில் சிறு துளைகள் வழியே உணவின் மேல் தூவலாம். மிளகுச் சிமிழ்கள் என்பது அறிஞர் இவற்றுக்கு இட்ட பெயர். பிற நறுமணப் பொடிகளும் இவற்றில் இடப்பட்டிருக்கக் கூடும். எனினும் உரோமர் பெரிதும் விரும்பிய மிளகு சேர நாட்டு மலைச்சாரலில் விளைந்தது. முசிறித் துறையில் யவனர் பொன் தந்து அதனைப் பெற்றுச் சென்ற செய்தியை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்றில் பதிந்துள்ளார். அவர் வழங்கும் ‘கறி’ என்னும் சொல்லுக்கு இன்று பொருள் மாறிவிட்டமையால், அப்பாடலை மாணவர்க்குக் கற்பிப்போர் ஒவ்வோர் ஆண்டும் விளக்கம் கூற நேர்கிறது.

பிரித்தானியாவின் வட எல்லைக் கோட்டையான விண்டோலாண்டாவில் கிடைத்த மர ஏடு ஒன்றிலும் மிளகுக் கணக்கு உண்டு. கி.பி. 408இல் உரோம் நகரை முற்றுகையிட்ட அலாரிக், நகரை விடுவிக்கக் கேட்ட திறைப் பொருள்களுள் பொன், வெள்ளி, பட்டு ஆகியவற்றொடு 3,000 இராத்தல் மிளகும் இருந்ததாக வரலாற்றாசிரியர் சோசிமஸ் எழுதுகிறார். ஹாக்ஸன் பெட்டி மண்ணுள் இறங்கியதும் ஏறத்தாழ அக்காலத்திலோ அதனையடுத்தோ ஆகலாம்.

பொன்னும் வெள்ளியும் மீட்டெடுக்கும் எண்ணத்தோடு புதைக்கப்பட்டிருந்தால் அவை அரசுக்குரியவை; மறைக்காமல் அறிவித்தவர்க்கு அவற்றின் முழு மதிப்பும் பரிசாகும் என்பது அந்நாளைய வழக்கு. அவ்வாறே 1993இல் 17.5 இலட்சம் பவுன் என மதிப்பிடப்பட்ட தொகை லாஸுக்கு அளிக்கப்பட்டது. அவர் அதனை வாட்லிங்குடன் பகிர்ந்துகொண்டார். 1996இல் இயற்றப்பட்ட புதையல் சட்டத்தின்கீழ், கண்டவரோடு நிலவுரிமையாளரும் பரிசில் பங்கு பெறலாயினர்.

வாட்லிங் தொலைத்த சுத்தியலும் அகழ்வின்போது அகப்பட்டது. அதனை அவர் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கே வழங்கிவிட்டார்.