வயிற்றுப்புண்: ஒரு பெயரின் வரலாறு

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த நாம், வயிற்றெரிச்சலுக்குக் காரணமாக மிளகாய், பட்டினி, கவலை என்னும் மூன்றையே கேட்டு வந்தோம். சித்த மருத்துவம் குன்மம் என்றது. ஈப்போ மருத்துவர்கள் அல்சர் என்றனர். பெயர் மாறினும் பழி நோயாளியின் மீதே நின்றது.

1979-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், நோய்க்கூற்றியல் அறிஞர் ராபின் வாரன் இரைப்பைத் திசுக்களில் வளைந்த பாக்டீரியாவைக் கண்டார். பின்னர் மருத்துவர் பேரி மார்ஷல் அவருடன் இணைய, 100 நோயாளிகள் ஆராயப்பட்டனர். வளர்ப்புத் தட்டுகளை இரண்டு நாளில் எறிந்துவிடும் வழக்கத்தால் கிருமி வெளிப்படவில்லை. 1982-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் கூடுதல் நாள்கள் விடப்பட்ட தட்டிலேயே அது வளர்ந்து தோன்றியது.

புதிய இனத்துக்குக் கேம்பிலோபாக்டர் பைலோரிடிஸ் எனப் பெயரிட்டனர். இலத்தீன் வேற்றுமை வடிவம் பிழையென உணர்ந்து, 1987-இல் பைலோரி எனத் திருத்தினர். வாயிற்காவலன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே இதன் வேர். இரைப்பையின் கீழ்வாயிலை அது குறிக்கும். இது தனிப் பேரினம் எனத் தெளிந்தபின், 1989-இல் ஹெலிகோபாக்டர் பைலோரி ஆயிற்று. இருவரும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர்.

மலேசிய ஆய்வுகள் இக்கிருமியை மலாய்க்காரரினும் இந்தியரிடையே மிகுதியாகக் கண்டுள்ளன. வலிநீக்கி மாத்திரைகளாலும் புண் உண்டாகும். ஆயினும் கிருமியால் வந்ததை நுண்ணுயிர்க்கொல்லிகளால் குணமாக்கலாம். மிளகாயைக் குறைத்துக்கொண்டு, நோயைத் தம் குற்றமாகவே சுமந்தனர் நம் முன்னோர். இப்பெயரை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர், அப்பழியையும் உடன் நீக்குகிறார்.