ஐந்து தாயரும் ஓர் அரசியும்

நான் பள்ளியில் சேர்ந்தபோது, ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தில் அப்பா நிதானமாக ‘எழுத்தர்’ என்று எழுதினார். அடுத்த கட்டம் ‘தாயின் தொழில்’. அங்கே பேனா சற்றுத் தயங்கியது. பிறகு ஒரு சின்னக் கோட்டை இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் மகளுக்காக வந்த படிவத்தில், அதே கட்டத்தில் என் மனைவி ‘இல்லத்தரசி’ என்று எழுதினாள். அன்று மாலையே, புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டம்மா, “வேலைக்குப் போறியாம்மா?” என்று கேட்டார். “இல்லீங்க, வீட்டுல சும்மாதான் இருக்கேன்” என்றாள். இளையவன் அவள் இடுப்பில் இருந்தான். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

காலையில் அரசி, மாலையில் சும்மா. ஒரே நாளில் ஒரு பெயர் இவ்வளவு இறங்க முடியுமா என்ற கேள்விதான் என்னை இந்தச் சொல்லின் பின்னே போகவைத்தது.

இல்லம், அத்து, அரசி ஆகிய மூன்றும் புணர்ந்து வருவது ‘இல்லத்தரசி’. இடையில் உள்ள ‘அத்து’ சாரியை. வேர்ச்சொல் ‘இல்’. வீடு என்று பொருள்படும் இந்தச் சிறு சொல் நம் மொழிக்குடும்பத்தின் பிற மொழிகளிலும் வாழ்கிறது. தெலுங்கில் வீடு ‘இல்லு’, மனைவி ‘இல்லாலு’. மலையாளத்தில் நம்பூதிரிகளின் வீடு ‘இல்லம்’. தமிழில் ‘இல்வாய்’ முன்பின்னாக மாறி ‘வாயில்’ ஆயிற்று. அரசனாகிய கோவின் இல் ‘கோயில்’ ஆகி, பிறகு இறைவனின் வீட்டுக்குப் பெயராயிற்று. கோயிலும் இல்லத்தரசியும் ஏறக்குறைய ஒரே கருத்துகளால் ஆன சொற்கள். ஒன்றில் கோ முன்னே நிற்கிறான், வீடு அவனுடையது. மற்றொன்றில் வீடு முன்னே நிற்கிறது. அரசி அந்த வீட்டால் அறியப்படுகிறாள்.

இது இன்று தொடங்கியதல்ல. திருக்குறளின் 15ஆம் அதிகாரத்தின் பெயர் ‘பிறனில் விழையாமை’. அங்கே ‘இல்’ என்பதற்கு வீடு என்று பொருளல்ல, மனைவி என்றே பொருள். ‘மனை’ என்ற சொல்லும் அப்படித்தான். வீட்டையும் குறித்தது, வீட்டுக்காரியையும் குறித்தது. கட்டடத்துக்கும் அதில் உழைப்பவளுக்கும் ஒரே பெயர். அவளில்லாமல் வீடில்லை என்ற பெருமை அதில் இருக்கிறது. வீட்டை விட்டால் அவளுக்குத் தனிப் பெயரில்லை என்ற குறையும் அதிலேயே இருக்கிறது.

அந்தக் குறையை நிரப்பும் சொற்களும் நம்மிடம் இருந்தன. மனையாட்டி என்ற சொல்லைப் பாருங்கள். ஆட்டி என்பது ‘ஆள்’ என்பதன் பெண்பால் வடிவம். மனையை ஆள்பவள் மனையாட்டி. தொல்காப்பியம் தலைவியைக் ‘கிழத்தி’ என்கிறது. கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்கிழமை என்று நாம் சொல்வதும் ஞாயிற்றுக்கு உரிய நாள் என்ற பொருளில்தான். ஆகவே கிழத்தி என்பவள் உரிமை உடையவள். தலைவன் கிழவன், அவனும் உரிமை உடையவன். இருவருக்கும் வேர் ஒன்று, தகுதி ஒன்று. காலப்போக்கில் கிழவனும் கிழவியும் முதுமையை மட்டும் வைத்துக்கொண்டு உரிமையைத் தொலைத்துவிட்டார்கள்.

இந்தச் சொற்களெல்லாம் வீட்டையோ உரிமையையோ சொல்கின்றன. பிள்ளை வளர்ப்பு என்னும் உழைப்பைச் சொல்லும் பெயர் எது? சங்க அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு விடை தெரியும். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. பெறுவது வேறு, வளர்ப்பது வேறு என்று பிரித்தறிந்து, வளர்ப்பவளுக்குத் தனிப்பெயரும் பாட்டில் பேச இடமும் கொடுத்தது அந்த மரபு. பழைய உரைகள் இன்னும் நுணுகி ஐவகைத் தாயரைச் சொல்கின்றன. நீராட்டுபவள் ஆட்டுவாள். உணவு கொடுப்பவள் ஊட்டுவாள். தாலாட்டுபவள் ஓலுறுத்துவாள். கதையும் விடுகதையும் சொல்லிப் பேச்சுப் பழக்குபவள் நொடிபயிற்றுவாள். கையிலேந்தித் திரிபவள் கைத்தாய்.

செல்வர் மனையில் ஒரு பிள்ளைக்கு ஐந்து பேர் செய்த வேலை இது. குளிப்பாட்டுவதும் கதை சொல்வதும் வெவ்வேறு திறன்கள் என்று அறிந்த சமூகம் வைத்த பெயர்கள் இவை. இன்று இந்த ஐந்தையும் பெரும்பாலும் ஒருத்தியே செய்கிறாள். வேலைகள் ஒரு கையில் சேர்ந்தபோது ஐந்து பெயர்களும் உதிர்ந்துபோயின. ‘செவிலி’ மட்டும் மருத்துவமனைக்குப் போய்ச் செவிலியர் ஆகி, படிப்பும் பதவியும் சம்பளமும் பெற்றுவிட்டது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், அந்தப் பெயர் புறப்பட்டுப் போன வீட்டில் அதே பராமரிப்பைச் செய்பவள் பெயரில்லாமல் நிற்கிறாள்.

அந்த இடத்துக்குத்தான் இல்லத்தரசி வந்தாள். அச்சு இதழ்களும் மேடைகளும் பழக்கிய பெயர். அன்போடு வைத்ததுதான்; ஆனால் மகுடம் வைத்ததே தவிர, அவள் செய்யும் வேலையைச் சொல்லவில்லை. வள்ளுவர் அரசனின் சிறப்பை ‘இறைமாட்சி’ என்றும் இல்லாளின் சிறப்பை ‘மனைமாட்சி’ என்றும் சொல்கிறார். இருவருக்கும் மாட்சி உண்டு. ஆனால் அரசனுக்குரிய ஆறு உறுப்புகளில் ‘கூழ்’ என்னும் செல்வமும் ஒன்று. நம் அரசிக்குக் கருவூலம் கிடையாது.

பெயரில் இல்லாதது கணக்கிலும் இல்லாமல் போனது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் ‘உழைக்காதவர்கள்’ பட்டியலில், பிச்சை எடுப்பவர்களோடும் சிறைக் கைதிகளோடும் வைக்கப்பட்டார்கள். 2010இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஏ.கே. கங்குலி இதைக் கடுமையாகக் கண்டித்தார். ஓர் இல்லத்தரசி விபத்தில் இறந்த பிறகுதான் நீதிமன்றங்கள் அவர் உழைப்புக்கு விலை தேடத் தொடங்கின என்பது நெஞ்சைச் சுடும் உண்மை. 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்; ஆண் 97 நிமிடம். வீட்டாரைப் பராமரிப்பதில் பெண்ணுக்கு 134 நிமிடம், ஆணுக்கு 76. ‘சும்மா’ என்ற சொல்லுக்குள் இத்தனை நிமிடங்கள் புதைந்திருக்கின்றன.

2023ஆம் ஆண்டு எனக்கு நம்பிக்கை தந்தது. அந்த ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பளித்தார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார். மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தைக் காத்தார். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது. எனவே வாங்கிய சொத்தில் இருவருக்கும் சம பங்கு உண்டு என்றது தீர்ப்பு. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியது. அதன் பெயர் உதவித் தொகை அல்ல, மகளிர் ‘உரிமை’த் தொகை. தொகை சிறியதுதான். ஆனாலும் அந்தச் சொல்லைப் படித்தபோது, கிழத்தி தொலைத்த கிழமை வேறு வடிவத்தில் திரும்பி வந்ததாகவே எனக்குத் தோன்றியது.

ஒரு குறை இன்னும் மீதி. 2011 கணக்கெடுப்பில் வீட்டுவேலையே தன் முதன்மைப் பணி என்று சொன்ன பெண்கள் ஏறத்தாழ 16 கோடி, ஆண்கள் 57.9 லட்சம். பிள்ளைக்காக வீட்டிலிருக்கும் தந்தையை என்ன சொல்லி அழைப்பது? ‘இல்லத்தரசன்’ என்றால் கேட்பவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் நோவது தந்தை மட்டுமல்ல. ஆண் செய்தால் நகைப்புக்குரியது என்று எண்ணும் வேலையைத்தான் பெண் செய்யும்போது அரசியின் வேலை என்று புகழ்கிறோமா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

அடுத்த ஆண்டு இளையவனுக்குப் படிவம் வரும். அந்தக் கட்டம் அரை விரல் அகலம்தான். ஆட்டுவாள் முதல் கைத்தாய் வரை ஐவரும் அதில் அடங்க மாட்டார்கள். கோடும் வேண்டாம், மகுடமும் வேண்டாம். ‘பிள்ளை வளர்ப்பு’ என்று எழுதலாம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அது அவள் செய்யும் வேலையின் பெயர். நாளை நான் வீட்டில் இருக்க நேர்ந்தால் என் கட்டத்திலும் அதையே எழுதலாம். அந்தச் சொல்லுக்கு ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை.