சேற்றில் கவிழ்ந்த சீரோ

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. யப்பான்காரன் கொழும்பில குண்டு போட்ட கதையை வீட்டில பெரியாக்கள் சொல்லக் கேட்டிருப்போம். நாலு நாள் கழித்துத் திருகோணமலை. குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக வந்தவை சீரோ சண்டை விமானங்கள். எதிர்க்கக் கிளம்பிய பிரித்தானிய ஹரிக்கேன்கள் பல விழுந்தன. பாரம் குறைந்த, சட்டென்று திரும்புகிற சீரோவை மடக்க வழி தெரியாமல் நேச நாட்டு விமானிகள் தவித்த காலம் அது.

இரண்டே மாதத்தில், அலாஸ்காப் பக்கமிருந்து ஒரு வழி கிடைத்தது. ஜூன் 4, டச்சு ஹாபர் தாக்குதலில் 19 வயது ததயோஷி கோகாவின் சீரோவில் சூடு பட்டு எண்ணெய்க் குழாய் உடைந்தது. அக்குட்டான் தீவில் இறக்கப் பார்த்தார். மேலிருந்து பார்க்கப் புல்வெளி, உள்ளே சேறு. சில்லுப் புதைந்து விமானம் குப்புறக் கவிழ்ந்தது.

எதிரியின் மண்ணில் விழும் சீரோவை அழித்துவிட வேண்டும் என்பது கட்டளை. கூட வந்த இரண்டு விமானிகளும் மேலே நின்று பார்த்தார்கள். கோகா உயிரோடு இருந்தால்? சுட மனம் வரவில்லை, திரும்பிவிட்டார்கள். கோகாவோ கழுத்து முறிந்து இறந்திருந்தார்.

ஜூலை 10 அன்று அமெரிக்க ரோந்து விமானமொன்றின் கண்ணில் அது பட்டது. கோகாவைப் புதைத்துவிட்டு, விமானத்தைச் சேற்றிலிருந்து மீட்டு, சான் டியாகோவில் திருத்தினார்கள். செப்டெம்பர் 20 முதல் எடி சாண்டர்ஸ் என்ற விமானி அதை ஓட்டிச் சோதித்தார். மூக்கைத் திடீரெனக் கீழே குத்தினால் காபரேற்றர் காரணமாக என்ஜின் நின்றுபோகும். வேகம் கூடினால் பக்கவாட்டில் உருளுவது கஷ்டம், அதிலும் வலப்பக்கம் இன்னும் கஷ்டம். சீரோ பின்னால் வந்தால் கீழே பாய்ந்து வலப்பக்கம் உருண்டு தப்பு. விமானிகளுக்குப் போன செய்தி இவ்வளவுதான்.

இந்தச் சீரோவைப் பார்த்துத்தான் ஹெல்கற் விமானத்தையே வடிவமைத்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. அது சரியில்லை. ஹெல்கற் முதன்முதலாகப் பறந்தது ஜூன் 26 அன்று. அப்போது கோகாவின் விமானம் ஒருவர் கண்ணிலும் படாமல் சேற்றில்தான் கிடந்தது.

போர்வரலாறுகளில் அந்த இரண்டு விமானிகளும் சுடாமல் போனதைப் பிழை என்றே எழுதுகிறார்கள். இராணுவக் கணக்கில் பிழைதான். ஆனால் கீழே கிடந்தது அவர்களுடைய கூட்டாளி. அவர்களுடைய இடத்தில் நாங்கள் இருந்திருந்தால் சுட்டிருப்போமா?