எலி தந்த விடையும் நோயாளியின் கேள்வியும்: கீமோ, ஆண் கருவளம், வைட்டமின்கள்

சாரல் காலத்தில் குற்றாலம் அருவிக்குப் போகும் வழியில் மங்குஸ்தான், ரம்புட்டான் கூடைகளுக்கு நடுவே மூலிகைக் கடைகளும் இருக்கும். நெல்லிக்காய் உடம்பைத் தேற்றும் என்பது இங்கே பழைய நம்பிக்கை. ஆரியங்காவுக் கணவாய் தாண்டித் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ, திருநெல்வேலிக்கோ கீமோவுக்குப் போகும் இளைஞரின் வீட்டில் அந்த நம்பிக்கை எளிதில் வைட்டமின் சி, இ மாத்திரைகளுக்கு இடம் மாறிவிடும். கீமோவிலிருந்து ஆண் கருவளத்தை அவை காக்கும் என்பதற்கு ஆய்வகச் சான்று இருக்கிறது என்று வாதிடவும் முடியும்.

சான்று பொய்யல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் பி. வரலட்சுமி குழுவினர், கீமோ மருந்தான சைக்ளோபாஸ்பமைடு செலுத்திய எலிகளில் விந்தணுச் சேதத்தை லிப்போயிக் அமிலம் குறைப்பதாக 2006இல் எழுதினர். லிப்போயிக் அமிலம் வைட்டமின் அல்ல, ஆக்சிஜனேற்றத் தடுப்பான். தர்க்கம் மட்டும் ஒன்றே. வைட்டமின் சி, இ கொண்டும் இத்தகைய எலி ஆய்வுகள் நடந்துள்ளன. விந்தணுச் சவ்வில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு அமிலங்கள் மிகுதி, தற்காப்பு நொதிகளோ சொற்பம். ஆகவே ஆக்சிஜனேற்றத் தடுப்பான் உதவும் என எதிர்பார்ப்பதில் தவறில்லை.

ஆனால் இத்தகைய சோதனைகளில் பெரும்பாலும் எலிக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. விந்தகம் தப்பியதா என்று மட்டுமே பார்க்கிறார்கள். கட்டியும் சேர்ந்து தப்பியதா என்று பார்க்கக் கட்டியே இல்லை. நோயாளிக்கோ இரண்டாவது கேள்விதான் உயிர்க்கேள்வி.

சைக்ளோபாஸ்பமைடு உடலில் இரண்டாகப் பிரிந்து வேலை செய்கிறது. பாஸ்போரமைடு மஸ்டர்டு டிஎன்ஏவை நேரடியாகப் பிணைத்துச் செல்லைக் கொல்லும். அக்ரோலின் குளூட்டாதயோன் என்னும் தற்காப்புப் பொருளைத் தீர்த்து ஆக்சிஜனேற்ற நெருக்கடியைக் கூட்டும். வைட்டமின் இரண்டாவதைத் தணிக்கலாம். விந்தணு மூலச் செல்களை அழிக்கும் முதலாவதின் முன் அதற்கு அவ்வளவு வலுவில்லை. இதே அக்ரோலினிடமிருந்து சிறுநீர்ப்பையைக் காக்க மெஸ்னா என்னும் மருந்தைத் தருகிறோம். அது இரத்தத்தில் செயலற்றிருந்து, சிறுநீரகத்தில் மீண்டும் உயிர்பெறுவதால் கட்டிக்குக் கவசமாவதில்லை. வாயில் போட்ட வைட்டமினுக்கு அப்படிப்பட்ட இடத்தேர்வு கிடையாது. இந்த வேறுபாட்டை எலி ஆய்வுகளை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் பேசுவதில்லை.

மனிதர்களிடமிருந்து வரும் செய்தியும் ஊக்கம் தரவில்லை. கருவளம் குன்றிய ஆண்களிடம் (இவர்கள் கீமோ நோயாளிகள் அல்லர்) நடந்த மாக்ஸி சோதனையில், வைட்டமின் சி, இ, செலினியம் முதலியன சேர்ந்த மாத்திரை விந்தணுவை மேம்படுத்தவில்லை. மார்பகப் புற்றுநோயில் கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களை எடுத்துக்கொண்டோரிடம் நோய் திரும்பும் போக்கு கூடியிருந்ததாக 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது; எண்கள் உறுதியான தீர்ப்புக்குப் போதாதவை, எச்சரிக்கைக்குப் போதும்.

இன்னொரு இடறலும் உண்டு. வைட்டமின் விந்தணுவின் ஓட்டத்தை மட்டும் மீட்டு, உள்ளிருக்கும் டிஎன்ஏ சிதைவை விட்டுவைத்தால், சிதைந்த விந்தணு கருவை உண்டாக்கக்கூடும் என்பதால் சிகிச்சைக் காலத்தில் அது நன்மையென்று சொல்ல முடியாது.

மாத்திரையைவிட நம்பகமான வழி வேறு உண்டு. உறைய வைத்த விந்தணுவால் கருத்தரித்ததாக 1953இலேயே அறிவிக்கப்பட்டது. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2006இல் ஆண்களுக்குப் பரிந்துரைத்ததும் இந்த உறைசேமிப்பையே. பருவமடையாத சிறுவருக்கு இது பயன்படாது. மற்றவர்கள் கீமோவின் முதல் சுற்றுக்கு முன் விந்து மாதிரி தந்தாக வேண்டும். தென்காசியில் பரிந்துரைக் கடிதம் எழுதும் மருத்துவர் அதில் இதற்கென ஒரு வரி சேர்க்கலாம். திருவனந்தபுரத்தில் மருந்து ஏறத் தொடங்கியபின் அந்த வரிக்குப் பயனில்லை.